பனிக்கு மூடி வைத்த கார்

என் மனைவியிடம் நான் ஒரு பொய் சொன்னேன். பெங்களூர்ப் பனியில் கார் துருப்பிடித்துவிடும், டிசம்பர் பிறந்ததும் அதை மூடி வைத்துவிட்டுப் பொங்கல் கழித்துத்தான் எடுக்க வேண்டும் என்று சொன்னேன். கல்லூரியில் வேதியியல் கற்பித்தவன் நான். துருவைப் பற்றி நான் சொன்னால் அவள் நம்பாமல் என்ன செய்வாள்? அந்தப் பொய்யால் அவளுடைய அப்பா ஒரு பகல் முழுக்க அவள் காருக்காகக் காத்திருந்து இறந்துபோனார். அதைவிடப் பெரிய தவறு அதற்குப் பிறகு நான் செய்தது. வண்டியை மூடி வைக்க ஒத்துக்கொண்டது தன்னுடைய குற்றம் என்று அவள் இருபது வருடங்களுக்கு மேலாக அழுதுகொண்டிருந்தாள். நான் பக்கத்தில் இருந்து தண்ணீர் கொடுத்தேன். உண்மையைச் சொல்லவில்லை.

கார் அவளுடையது. அவள் கோலார் தங்கவயல் பெண். அவளுடைய அப்பா சுரங்கத்தில் நிலத்துக்கு அடியில் வேலை பார்த்தவர். பழைய அதிகாரி ஒருவர் பங்களாவைக் காலி செய்து ஊரைவிட்டுப் போனபோது மேசை, நாற்காலி, பியானோ எல்லாவற்றையும் ஏலம் போட்டார்களாம். ஓடாமல் நின்றுபோயிருந்த அந்தச் சின்னக் காரை யாரும் கேட்கவில்லை. இவர் கை தூக்கிவிட்டார். சீமையில் செய்த வண்டி, இரண்டே கதவு, கரும்பச்சை நிறம், ஆமை முதுகு போல வளைந்த கூரை. சுரங்கத் தொழிலாளிகளுக்குக் கட்டிய லைன் வீட்டில் குடியிருக்கிறவன் கார் வாங்கிவிட்டான் என்று தெருவே சிரித்திருக்கிறது. வீட்டுக்கு முன்னால் நிறுத்த இடம் கிடையாது. தெரு முனையில் குழாயடிக்குப் பக்கத்தில், மழையிலும் வெயிலிலும் அது பல வருடங்கள் நின்றது. எப்படியோ அதை ஓட வைத்தார். தங்கம் பிரித்த கழிவு மண் மலையாகக் குவிந்த சயனைடு மேட்டின் அடிவாரத்தில், சாம்பல் நிறத்தில் கட்டாந்தரையாகக் கிடக்கும் மைதானத்தில் மகளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். மகன் அப்போது சின்னப் பையன். அவருக்கோ கல்தூசு ஏறிய நெஞ்சு, கிளட்சை நாலு தடவை மிதித்தால் மூச்சு வாங்கும்.

எங்கள் கல்யாணம் முடிந்த மறுவாரம் அவர் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பெங்களூர் பிரேசர் டவுனில் எங்கள் வீடு வரை வந்து சாவியை அவள் கையில் கொடுத்தார். என்னிடம் சொன்னார்:

"தப்பா நெனைக்காதீங்க மாப்ள. இது சீர் இல்ல. பொண்ணுக்கு அப்பன பாக்கணும்னு தோணுச்சுன்னா, பஸ்ஸு ரயிலுன்னு பாத்துட்டு நிக்காம ஓடி வரணும். அதுக்குத்தான்."

எங்கள் வீட்டின் பக்கவாட்டில் ஒரு கொட்டகை இருந்தது. என் தாத்தா காலத்தில் குதிரை வண்டி நிறுத்திய இடம். கார் அதில் கச்சிதமாகப் பொருந்தியது.

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அவள் கற்றுக்கொடுத்தாள். பொறுமையாகத்தான் கற்றுக்கொடுத்தாள். மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோ, பூங்காவுக்குப் பக்கத்து நாற்சந்தியில் வண்டி என் கையில் நின்றுபோனது. மறுபடி மறுபடி நின்றது. பின்னால் இருந்த ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டி, "ஏனு ஸ்வாமி, நித்தெ பந்த்தா?" என்றார். தூக்கம் வந்துவிட்டதா என்று கேட்கிறார். அவள் சிரித்துவிட்டாள். கெட்ட சிரிப்பில்லை, அடக்க முடியாமல் வந்த சிரிப்பு. நான் இறங்கி வீட்டுக்கு நடந்தே போனேன். அதற்குப் பிறகு ஓட்டுநர் இருக்கையில் நான் உட்காரவில்லை.

அவள்தான் என்னைக் கல்லூரியில் கொண்டுவந்து விடுவாள். ஆசிரியர் அறையில் ஒரு சக ஆசிரியர், என்னைவிட இளையவர், தினமும் ஏதாவது சொல்வார். "சார், இன்னிக்கும் டிரைவரம்மா லீவு போடலியா? குடுத்து வெச்சவரு சார் நீங்க." எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். தங்கவயலில் கிறிஸ்துமஸ் சமயம் இன்னும் மோசம். தெருவெல்லாம் காகித நட்சத்திரம் தொங்கும். அவள் வண்டியைத் தெருவுக்குள் ஓட்டிக்கொண்டு வரும்போது பிள்ளைகள் பின்னாலேயே ஓடி வரும். வாசலில் நிற்கிற பெண்கள், "ஏ மாப்ளே, கியரு எந்தப் பக்கம் இருக்குன்னாச்சும் சொல்லு, கேக்கு தர்றோம்!" என்று கத்துவார்கள். மாமனார் அவர்களை அதட்டுவார். அவர் அதட்டியது எனக்கு அதைவிட அவமானமாக இருந்தது.

இதை இன்று எழுதும்போது எவ்வளவு அற்பமாக இருக்கிறது என்று எனக்குத் தெரிகிறது. அன்று அற்பமாகத் தெரியவில்லை.

கல்லூரி நூலகத்தில் வெளிநாட்டு மோட்டார்ப் பத்திரிகைகளின் பழைய கட்டு ஒன்று கிடந்தது. பழைய கார்களைக் குளிர்காலத்தில் எப்படி மூடி வைப்பது என்று ஒன்றில் நாலு பக்கக் கட்டுரை. சக்கரங்களைக் கழற்றிக் கட்டைமேல் ஏற்ற வேண்டும். பேட்டரியை எடுத்துத் தனியே வைக்க வேண்டும். புகைக் குழாயின் வாயைத் துணியால் அடைக்க வேண்டும். எலி வராமல் நாஃப்தலின் உருண்டை போட வேண்டும். பனி கொட்டுகிற ஊர்களுக்காக எழுதியது அது. அங்கே சாலையில் உறைபனி உருகுவதற்கு உப்பைக் கொட்டுவார்கள். அந்த உப்புத் தண்ணீர்தான் வண்டியின் அடிப்பாகத்தை அரிக்கும். பெங்களூரில் உப்பும் இல்லை, உறைபனியும் இல்லை. டிசம்பர்தான் இந்த ஊரில் சாலை காய்ந்து கிடக்கிற மாதம். துருவுக்குப் பயந்தால் மூடி வைக்க வேண்டியது மழைக்காலத்தில். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும்.

ஆனால் இந்த ஊர்க்காரர்களுக்குத் தங்கள் குளிர்மேல் ஒரு பெருமை உண்டு. நவம்பர் முடிகிறபோதே குரங்குக் குல்லாவும் மஃப்ளரும் வெளியே வந்துவிடும். விடியற்காலைப் பனியைப் பற்றிப் பேசினால் யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். அந்தப் பெருமையின்மேல் நான் என் பொய்யைக் கட்டினேன்.

அவளைக் கொட்டகைக்குக் கூட்டிப்போய், வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துக் காட்டினேன்.

"பாரு, எப்படி அரிச்சிருக்குன்னு. எல்லாம் பனி."

"ஐயோ. எங்க அப்பா ஒரு வருஷம்கூட மூடி வெச்சதில்லியே."

"அதான் இப்படி ஆயிருக்கு. இரும்பும் ஈரமும் சேர்ந்தா என்ன ஆகும்னு நான் தினமும் பசங்களுக்குச் சொல்லிக்குடுக்கறேன்."

"அப்ப கிறிஸ்துமஸுக்கு?"

"ரயில்ல போலாம். ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்துட்டுப் போலாமே."

அவள் குனிந்து துரு அரித்த ஓட்டைகளைப் பார்த்தாள். பிறகு சரி என்றாள். குழாயடியில் பல வருடம் மழையில் நின்ற துரு அது. அவளுக்கு அது தெரியாமல் இல்லை. படித்த கணவன் சொன்னதால் தெரிந்ததை விட்டுக்கொடுத்தாள்.

இப்படியாக அது எங்கள் வீட்டில் ஒரு வழக்கமாகிவிட்டது. ஆலயத்தில் கிறிஸ்துமஸ் காலத்துக்கு முதல் மெழுகுவத்தி ஏற்றுகிற ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்குவேன். அவள் செங்கல் எடுத்துக் கொடுப்பாள். பழைய படுக்கை விரிப்புகளைச் சேர்த்துத் தைத்து அவளே ஒரு உறை செய்தாள், கண்ணாடிக்கும் விளக்குகளுக்கும் தனித்தனியாக மடிப்பு வைத்து. "எங்க வீட்டுக்காரர் வண்டிய கொழந்த மாதிரி பாத்துக்கறாரு" என்று பக்கத்து வீட்டில் பெருமையாகச் சொல்வது எனக்குக் கேட்கும்.

அப்படிச் சில வருடங்கள் போயின. ஒரு டிசம்பரில், கிறிஸ்துமஸுக்குக் கொஞ்ச நாள் முன்னால், அவள் சமையலறையில் கிறிஸ்துமஸ் பலகாரமான கல்கல் செய்துகொண்டிருந்தாள். முள்கரண்டியின் முதுகில் மாவை வைத்து அழுத்திச் சுருட்டுவாள், சின்னச் சின்னச் சங்கு மாதிரி வரும். காலை நேரம். தொலைபேசி அடித்தது. மாவுக் கையோடு வந்து எடுத்தாள். அவளுடைய தம்பி, தங்கவயலில் ஒரு கடையிலிருந்து பேசினான். அவன் கத்திப் பேசியதால் எனக்கும் கேட்டது.

"அப்பாவுக்கு ராத்திரிலேருந்து மூச்சு வாங்குதுக்கா. பெங்களூருக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு. டாக்சி சொல்றேன்னா வேணாங்கறாரு. எம் பொண்ணு கார் எடுத்துட்டு வருவா, அதுலதான் ஏறுவேன்னு ஷூ மாட்டிட்டு உக்காந்திருக்காரு."

"வர்றேன்டா. இதோ கெளம்பிட்டேன். கார் எடுத்துட்டு வர்றேன்னு சொல்லு."

என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

"வண்டிய எறக்கணுங்க. எவ்ளோ நேரம் ஆகும்?"

பேட்டரி சரக்கறை அலமாரியில் இருந்தது. அதற்கு முந்தின வாரம்தான் சார்ஜ் ஏற்றி வைத்திருந்தேன், அந்த மாதிரி வேலைகளில் நான் ஒழுங்கானவன். டாங்கில் பெட்ரோல் இருந்தது. சக்கரங்களை மாட்டிப் பேட்டரியைப் பொருத்த ஒரு மணி நேரம் போதும். ஆனால் ஒரு மணி நேரத்தில் வண்டி ஓடிவிட்டால், இத்தனை வருடம் நான் சொன்னது என்ன? எடுக்கவே கூடாது, எடுத்தால் இன்ஜின் கெட்டுவிடும் என்று நான் சொன்னதெல்லாம்? அந்த நிமிடத்தில் எனக்கு அந்தக் கணக்குத்தான் ஓடியது. கிழவருக்கு ஒவ்வொரு பனிக்காலத்திலும் மூச்சு வாங்குவது வழக்கம்தானே என்றும் ஒரு நினைப்பு.

"உடனே முடியாதும்மா. ஆயில் கெட்டியாயிருக்கும். அவசரப்பட்டு ஸ்டார்ட் பண்ணா இன்ஜின் புடிச்சுக்கும். நாலு நாள் ஊற வெச்சுத்தான் எடுக்கணும்."

"நாலு நாளா?"

"வழியில நின்னுட்டா அப்பாவ வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவ? பஸ்ல போயிடலாம். அங்க போயி டாக்சி பாத்துக்கலாம்."

அவள் கொட்டகை வரை ஓடினாள். உறையைத் தூக்கிச் செங்கல்மேல் நின்ற வண்டியைப் பார்த்தாள். திரும்பி வந்து கையைக் கழுவினாள். கடைக்குப் போன் செய்தாள், தம்பி போய்விட்டிருந்தான். கடைக்காரருக்கு அவர்கள் வீடு தெரியவில்லை.

நாங்கள் பஸ்ஸில் போனோம். ஊர் எல்லையில் கே.ஆர். புரம் தாண்டுவதற்கே வெயில் ஏறிவிட்டது. வழியெல்லாம் அவள் ஜெபம் செய்துகொண்டு வந்தாள். நடுவில் ஒரு தடவை என் பக்கம் திரும்பி, "காரு இல்லாம வந்தா திட்டுவாருங்க" என்று சிரிக்கப் பார்த்தாள்.

மதியம் கழிந்து அந்தத் தெருவுக்குள் நடந்தோம். மாமனார் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஸ்வெட்டர், மஃப்ளர், பாலிஷ் போட்ட ஷூ. தெரு முனையையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் வருவது தெரிந்ததும் எங்களுக்குப் பின்னால் பார்த்தார்.

"வண்டி எங்கம்மா?"

"பனிக்கு மூடி வெச்சிருக்கோம்ப்பா. எடுக்க முடியல."

"பனிக்கா?"

ஒரு வார்த்தை சொல்லி மூச்சுவிட்டு அடுத்த வார்த்தை சொல்ல வேண்டிய நிலையில் இருந்தார். என்னை ஏறிட்டுப் பார்த்தார். இந்த மனிதரை ஏமாற்ற முடியாது என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அவர் சொன்னது, "மாப்ள சொன்னாருன்னா சரியாத்தான் இருக்கும்."

தம்பி டாக்சி பிடித்துக்கொண்டு வந்தான். பெங்களூர் வரும் வழியில் பங்காருப்பேட்டை தாண்டியதும், அவள் மடியில் தலை வைத்தபடி அவர் போய்விட்டார். அப்போதும் நன்றாக வெளிச்சம் இருந்தது.

அடக்கத்துக்கு மறுநாள் அவள் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "நான்தாண்டா. வண்டிய மூடறதுக்கு நான்தான் சரின்னு சொன்னேன். எங்க அப்பா எதுக்குக் குடுத்தாருன்னு தெரிஞ்சும் சரின்னேன். காலையிலேருந்து உக்கார வெச்சுட்டேன்டா." அவன், "விடுக்கா, உனக்கு என்ன தெரியும்" என்றான். நான் அந்த அறையிலேயே இருந்தேன். வாயைத் திறக்க வேண்டிய இடம் அதுதான். அழுகிற வீட்டில் இன்னொரு வேதனை எதற்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவள் வண்டி ஓட்டவில்லை. பொங்கல் கழிந்ததும் நான் சக்கரங்களை மாட்டப் போனேன். "வேணாங்க, அப்படியே இருக்கட்டும்" என்றாள். அடுத்த வருடமும் அதையேதான் சொன்னாள். அப்புறம் நான் கேட்கவில்லை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஒவ்வொரு டிசம்பரிலும் நினைவு நாளுக்கு ரயிலில் தங்கவயலுக்குப் போவோம். கல்லறையில் பூ வைத்துவிட்டு வந்து உட்கார்ந்ததும் அவள் தம்பியிடம் ஆரம்பிப்பாள். "மன்னிச்சுக்கோடா." அவன் ஒவ்வொரு தடவையும், "எத்தன தடவக்கா" என்பான். அவளுடைய அப்பாவைப் பற்றி அவள் வேறு எதுவும் பேசி நான் கேட்டதில்லை. அவர் எவ்வளவு வேடிக்கையாகப் பேசுவார், எப்படிப் பாடுவார் என்பதெல்லாம் போய், அந்த நாற்காலியும் ஷூவும் மட்டுமே அவளிடம் மிஞ்சியிருந்தன.

இரண்டு வருடங்களுக்கு முன்னால் அவளுக்கு இதயத்தில் ஆபரேஷன் செய்ய வேண்டியதாயிற்று. தியேட்டருக்குக் கொண்டுபோகிற காலையில் நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பயமாக இருக்கிறதா என்று கேட்டேன்.

"சாவுக்கு இல்ல. அங்க போயி அப்பாவப் பாத்தா என்ன சொல்றதுன்னுதான். வண்டிய மூடி வெச்சிருந்தேன்ப்பான்னா சொல்றது?"

அவளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். கதவு மூடிய பிறகு நான் அந்த நடைபாதையில் உட்கார்ந்திருந்தேன். அவள் திரும்பி வராவிட்டால் இந்தக் கேள்வியோடுதான் போயிருப்பாள். அவள் பிழைத்து வந்தால் சொல்லிவிடுவேன் என்று ஜெபித்தேன். அந்த ஜெபத்தில்கூட நான் ஒரு தவணை வாங்கிக்கொண்டேன் என்பது இப்போது தெரிகிறது.

பிழைத்து வந்தாள். நான் உடனே சொன்னேனா? இல்லை. உடம்பு தேறட்டும் என்று ஒத்திப்போட்டேன். முதலில் காரைச் சரிசெய்து அவள் முன்னால் நிறுத்தலாம், அப்புறம் சொல்வது சுலபமாக இருக்கும் என்று ஒரு யோசனை. பழைய வண்டிகளைப் பார்க்கிற ஒரு மெக்கானிக் பொம்மனஹள்ளியிலிருந்து வந்தார். உறையை எடுத்தபோது எலிகள் பின் இருக்கையிலிருந்து நாலாபக்கமும் சிதறின.

"என்னா சார், உள்ள ஒரு லேஅவுட்டே போட்டு வெச்சிருக்கீங்க? சைட்டு எனக்கும் ஒண்ணு குடுங்க."

எலிகளுக்கு நான் மனை பிரித்துக் கொடுத்திருக்கிறேனாம். கலகலப்பான ஆள். செங்கல்லைத் தட்டிப் பார்த்துக் கேட்டார். "எதுக்கு சார் தூக்கி வெச்சீங்க?"

"பனிக்காலத்துக்கு."

"டிசம்பர்லயா? பெங்களூர்லயா? மழைக்கு மூடுனாலும் ஒரு ஞாயம். டிசம்பர்லதானே சார் நம்ம ஊர் ரோடு அப்பளம் மாதிரி காஞ்சு கெடக்கும்? யார் சார் உங்களுக்குச் சொன்னது?"

"யாரோ சொன்னாங்க. எனக்கு அப்ப தெரியல" என்றேன். எழுபது வயது தாண்டியும், முன்பின் தெரியாத ஒருவரிடம், இன்னொரு தடவை.

அவர் பல வாரங்கள் வந்து போனார். வயர்களை எல்லாம் மாற்றினார், கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவினார், பிரேக்குக்கு எங்கிருந்தோ சாமான் வாங்கி வந்தார். உள்ளே படுத்திருந்த அவளிடம், கொட்டகையைச் சுத்தம் செய்கிறார்கள் என்று சொல்லி வைத்திருந்தேன். ஒரு நாள் முற்பகலில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. நாலைந்து தடவை இருமிவிட்டு ஒரே சீராக ஓட ஆரம்பித்தது.

அவள் வீட்டுச் செருப்போடு வெளியே வந்துவிட்டாள். மார்பில் தையல் இருந்த இடத்தைக் கையால் பிடித்துக்கொண்டிருந்தாள். வண்டி தரையில் நான்கு சக்கரத்தில் நிற்பதைப் பார்த்தாள். மெக்கானிக் இறங்கி, "ஒக்காந்து பாருங்கம்மா" என்று கதவைத் திறந்து பிடித்தார். அவள் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்மேல் இரண்டு கைகளையும் வைத்தாள். மெக்கானிக் டீ குடிக்கப் போய்விட்டார். நான் இந்தப் பக்கம் ஏறிக்கொண்டேன்.

"எனக்காகவா பண்ணீங்க?" என்று கேட்டாள். கண்ணெல்லாம் தண்ணீர். "அன்னிக்கு மட்டும் இப்படி ஒருத்தர் கெடச்சிருந்தாருன்னா..."

அவள் எனக்கு நன்றி சொல்லப் போகிறாள் என்று தெரிந்தது. அதை மட்டும் என்னால் வாங்கிக்கொள்ள முடியவில்லை.

"அன்னிக்கு யாரும் தேவைப்பட்டிருக்காது. வண்டி நல்லாத்தான் இருந்துச்சு."

அவள் திரும்பினாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஆசிரியர் அறைச் சிரிப்பு, தங்கவயல் பெண்களின் கேலி, பத்திரிகை, உப்பு, எல்லாம். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. நான் முடித்ததும் அவள் அழவில்லை, கத்தவில்லை. ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"பேட்டரி எங்க இருந்துச்சு?"

"ஸ்டோர் ரூம்ல."

"சார்ஜு?"

"இருந்துச்சு."

"வீல் மாட்ட எவ்ளோ நேரம் ஆயிருக்கும்?"

"ஒரு மணி நேரம்."

"ஆயில் கெட்டியாவும்னு சொன்னீங்களே?"

"ஆகாது."

"எங்க அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்கும்னு நெனைக்கறேன்."

அவள் சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தினாள். "இவ்ளோ வருஷம் அவர நெனைச்சா எம்மேல கோவம் வரும். இனிமே உங்க மேல வரும். இந்த வயசுல அதையும் நான் தூக்கணுமா?" என்றாள். "எறங்குங்க. கொஞ்ச நேரம் நான் இங்க தனியா இருக்கணும்."

மதியச் சாப்பாட்டுக்கு எனக்குத் தட்டு வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு பல நாட்கள் தேவையானதை மட்டும் பேசினாள். மருந்து, பால், கரண்ட் பில். ஒரு நாள் காலையில், செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த என் முன்னால் வந்து நின்றாள்.

"தம்பிகிட்ட நீங்களே போயிச் சொல்லணும். நான் அவன்கிட்ட கேட்ட மன்னிப்பெல்லாம் என்னோடது இல்ல. நீங்க போயித் திருப்பி வாங்கிட்டு வாங்க."

"நீயும் வர்றியா?"

"நான் எதுக்கு?"

கண்டோன்மென்ட் நிலையத்தில் தங்கவயல் வழியாகப் போகிற மாரிக்குப்பம் ரயிலைப் பிடித்தேன். மைத்துனன் இப்போது வேலையிலிருந்து ஓய்வு பெற்று அதே லைன் வீட்டில் இருக்கிறான். என்னைத் தனியாகப் பார்த்ததும் அக்காவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பதறிப்போனான். அவள் நன்றாக இருக்கிறாள் என்று சொல்லி உட்காரவைத்து, விஷயத்தைச் சொன்னேன். அவன் முழுவதும் கேட்டான்.

"நீங்க ப்ரொஃபசரு மாமா. எங்க வீட்ல பைபிளுக்கு அடுத்தது நீங்க சொல்றதுதான்" என்றான். பிறகு, "அவரு அன்னிக்கு டீகூடக் குடிக்கல. வண்டியில போறப்ப நடுவுல நிறுத்தச் சொன்னா அக்காவுக்குத் தொந்தரவுன்னு குடிக்கல" என்றான். அதை அவன் அக்காவிடம் ஒருபோதும் சொன்னதில்லையாம்.

பிறகு என் முன்னாலேயே போனை எடுத்து அவளைக் கூப்பிட்டான்.

"அக்கா, மாமா வந்திருக்காரு. சொல்லிட்டாரு. இனிமே எங்கிட்ட சாரி கேட்ட, நான் போனை வெச்சிருவேன், ஆமா."

அந்தப் பக்கம் அவள் அழுகிற சத்தம் எனக்குக் கேட்டது. காரில் உட்கார்ந்து கேட்ட அன்று அவள் அழாத அழுகை. இவனும் அழுதான். அழுதுகொண்டே பேசினார்கள், அப்புறம் எதையோ சொல்லிச் சிரித்தார்கள், அப்பா ஒரு தடவை சயனைடு மேட்டில் வண்டியை ஏற்றப் பார்த்துப் பின்னாலேயே உருண்டு வந்ததைப் பற்றி என்று நினைக்கிறேன். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவன் பேசிக்கொண்டே வாசலுக்குப் போய்விட்டான். அடுப்பில் கறி கொதிக்கிற வாசனை வந்தது. அந்த வீட்டில் என்னைச் சாப்பிடச் சொல்லாமல் அனுப்பியது அன்றுதான். அதை நான் குறையாகச் சொல்லவில்லை.

காரை விற்றுவிட அவள்தான் முடிவு செய்தாள். பழைய வண்டிகள் சேர்க்கிற ஒருவர் அத்திபெலே பக்கத்திலிருந்து வந்தார். ரிவர்ஸ் கியர் விழ மறுத்தபோது அவள் வெளியே வந்து, லீவரை மேலே தூக்கி இடது பக்கம் தள்ள வேண்டும் என்று செய்து காட்டினாள். அவர் அதைக் கற்றுக்கொண்டு, ஒரு டிசம்பர் முற்பகலில், காய்ந்த சாலையில் ஓட்டிக்கொண்டு போனார். அவள் கேட்டை மூடிவிட்டு உள்ளே வந்தாள்.

இப்போதெல்லாம் அவள் தன் அப்பாவைப் பற்றி நிறையப் பேசுகிறாள். தம்பியிடம் போனில், பக்கத்து வீட்டுப் பெண்ணிடம், வீட்டு வேலைக்கு வருகிற அம்மாவிடம். அவர் சம்பள நாளில் எல்லோருக்கும் ஜிலேபி வாங்கிவருவது, ஆலயத்தில் ஒரு வரி முந்திப் பாடிவிட்டு மற்றவர்களை முறைப்பது, சுரங்கத்தில் லிஃப்ட் இறங்கும்போது பக்கத்தில் நிற்கிறவன் காதில் பேய்க்கதை சொல்வது. இத்தனை வருடத்தில் இவற்றில் ஒன்றைக்கூட நான் கேட்டிருக்கவில்லை. சமையலறையில் அவள் குரல் கேட்கும், நடுநடுவே சிரிப்பும் கேட்கும். நான் தண்ணீர் எடுக்க உள்ளே போனால் பேச்சு நின்றுவிடும். என்ன வேண்டும் என்று மரியாதையாகக் கேட்பாள். நான் தம்ளரை எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன். கதவைத் தாண்டி இரண்டடி வந்ததும் அவள் விட்ட இடத்திலிருந்து மறுபடி ஆரம்பிப்பது கேட்கும்.